பழைய ஸ்னோபுளோவர் வாங்கிவிட்டேன்: இயக்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புதுவாசல் | பிரம்டன்

வணக்கம். 2025 பிப்ரவரியில் இங்கே கனடாவில் நம் பக்கம் ஒரே வாரத்தில் இரண்டு பனிப்புயல் அடித்தது நினைவிருக்கும். ஷவலால் வாரி வாரி எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. அடுத்த குளிர்காலத்திற்குள் பனியை வாரி எறியும் ஸ்னோபுளோவர் இயந்திரம் வாங்கியே தீருவது என்று இருந்தேன். பக்கத்துத் தெருவில் வீட்டை விற்றுவிட்டுப் போகிற ஒருவரிடம் பழையது ஒன்று கிடைத்தது. பெட்ரோலில் ஓடுவது, 24 அங்குல அகலம், இரண்டு கட்ட வகை என்றார். கையேடு இல்லை. கயிற்றை இழுத்தார், கிளம்பியது, பணத்தைக் கொடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மோட்டார் பம்ப் தெரியும், டிராக்டர் தெரியும், பனி தெரியாது. இந்த இயந்திரத்தின் வாயைப் பார்த்தால் கரும்பு ஆலைதான் நினைவுக்கு வருகிறது. என் மனைவி இரண்டு கேள்வி கேட்கிறார்: இதை இயக்கும்போது எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்? பதினைந்து வயது மகனிடம் கொடுக்கலாமா? மூன்றாவது கேள்வி என்னுடையது. வலது பக்க லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டியால் கட்டி வைத்திருக்கிறது. அது எதற்கு?

திருகாணி | ஸ்காபரோ

மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் தம்பி. அந்தப் பட்டியை இன்றைக்கே வெட்டி எறியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்த வகை இயந்திரத்தில் கைப்பிடியின் இரு புறமும் ஒவ்வொரு லீவர் இருக்கும். பல மாடல்களில் இடது சக்கரத்துக்கு, வலது முன்னால் பனியை வெட்டும் ஓகருக்கு. அழுத்திப் பிடித்தால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். நீங்கள் பனியில் சறுக்கி விழுந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் தானாக நிற்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது லீவரைக் கட்டிவிட்டால், நீங்கள் தரையில் கிடக்கும்போதும் ஓகர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விற்றவர் ஏன் கட்டினார் என்பதை ஊகிக்க முடிகிறது. பல மாடல்களில் இரண்டு லீவரையும் அழுத்திய பிறகு இடது கையை மட்டும் வைத்திருந்தால் போதும். வலது லீவர் தானாகக் கீழே நிற்கும். அந்தக் கையால் பனி வெளியேறும் குழலைத் திருப்பலாம். இடது கையை எடுத்ததும் இரண்டும் சேர்ந்து விடுபடும். அந்த இணைப்புத் தேய்ந்துபோனால் வலது லீவர் நிற்காமல் மேலே எழும்பும். திருத்துவதற்குச் சோம்பல்பட்டு அவர் பட்டியைக் கட்டிவிட்டார் போலும். பழைய இயந்திரங்களில் நான் அடிக்கடி பார்க்கும் கைவேலை இது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் பற்களோடு மெதுவாகச் சுற்றுகிறதே, அதுதான் ஓகர். அது பனியை வெட்டி நடுவுக்குக் கொண்டுவரும். அதற்குப் பின்னால், குழலின் அடியில் இருட்டுக்குள் ஒரு விசிறி இருக்கிறது. இம்பெல்லர் என்பார்கள். அது வெகுவேகமாகச் சுற்றிப் பனியைத் தூக்கி எறியும். இரண்டு வேலை என்பதால் இரண்டு கட்டம். ஒரு கட்ட வகையில் ஓகரே எறிந்தும் விடும். எல்லோரும் முன்னால் தெரிகிற ஓகருக்குப் பயப்படுகிறார்கள். விரலை எடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த விசிறிதான்.

கையேடு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தின் பின்புறத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் மாடல் எண் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் கையேடு இலவசமாக வரும். அப்படியே கனடா சுகாதாரத் துறையின் திரும்பப்பெறும் பொருள்களின் பட்டியலிலும் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொக்குவிலான் | மார்க்கம்

புதிதாக வந்த பிள்ளையை இப்படி வெருட்டாதீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் ஷவலைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை. 1999 ஜனவரியில் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனிக்குப் பயந்து இராணுவத்தைக் கூப்பிட்டு, மற்ற மாகாணத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களே, அந்த மாதமும் நாங்கள் கையால்தான் வாரினோம். அதற்குப் பிறகு வாங்கிய ஸ்னோபுளோவர் இன்னமும் என்னிடம் ஓடுகிறது.

வாகனம் ஓட்டத் தெரிந்த எவரும் இதை ஓட்டலாம். குழல் அடைத்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும், கையை விட்டுக் கிண்டி எடுக்க வேண்டும், திரும்ப இழுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு அது வெறும் இரும்பு. அதற்கு என்ன பயம்?

மருதாணி | மிசிசாகா

கொக்குவிலான் அண்ணா, நான் கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மரியாதையோடுதான் சொல்கிறேன்: கடைசிப் பத்தியில் நீங்கள் எழுதியதை அப்படியே செய்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொடிப்பனி விழும் கடுங்குளிர் நாளில் இவர்கள் வருவதில்லை. வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். பனி ஈரமாக, கனமாக, பிழிந்தால் தண்ணீர் வருவதுபோல் இருக்கும். 15 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருக்கும். அந்தப் பனி குழலில் அப்பிக்கொள்ளும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் ஒருவர் கையை விடுவார். அநேகமாக நடுவயது ஆண், அநேகமாக வலது கை. நீளமான விரல்கள்தான் முதலில் விசிறிக்கு எட்டும் என்பதால் நடுவிரல்தான் மோசமாகச் சேதமாகும். கையுறை காப்பாற்றும் என்று நினைப்பார்கள். அது தகட்டில் மாட்டிக் கையை இன்னும் உள்ளே இழுத்துவிடும்.

கத்தியால் வெட்டுப்பட்ட விரலை ஒட்டுவது வேறு. இது நசுக்கிக் கிழிக்கும் காயம். எலும்பு சிதறி, நரம்பு இழுபட்டு, பனியும் கிரீஸும் சாலை உப்பும் உள்ளே போயிருக்கும். நுனியை ஒட்ட வைக்க முடியாமல் மூடித் தைத்துவிடுவதே அதிகம். பிறகு சட்டைப் பொத்தானைப் போடவும் சோற்றைப் பிசைந்து எடுக்கவும் மறுபடி பழக வேண்டும். குளிர் பட்டால் அந்த நுனி பல ஆண்டுகளுக்கு வலிக்கும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்த இயந்திரத்தால் அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். விரல் இழப்பு அதில் அபூர்வமான ஒன்றே இல்லை.

புதுவாசல், நீங்கள் கேட்டதற்கு என் பதில் ஒரு வரிதான். குழலுக்குள்ளும் ஓகருக்குள்ளும் கை போகவே கூடாது. எஞ்சின் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி.

கொக்குவிலான் | மார்க்கம்

பிள்ளை, உங்கள் வேலைக்கு மரியாதை. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே எஞ்சினை நிறுத்தினார்கள்? லீவரை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சின் ஓட ஓடக் கையை விட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வந்து "நிறுத்தினேன்" என்று சொல்வார்கள். வீட்டுக்காரியும் பக்கத்தில் நிற்பாள் அல்லவா!

சுவர்க்கோழி | ஒட்டாவா

கொக்குவிலான் அண்ணன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நின்ற இயந்திரத்தின் பெல்ட்டில் இழுவிசை தங்கியிருந்து, அடைப்பு விலகியதும் விசிறி ஓர் அடி அடிக்கும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். நான் இயந்திரப் பொறியாளன். லீவரை விட்டதும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஐட்லர் கப்பி விலகிவிடும். பல மாடல்களில் ஒரு பிரேக் கட்டை வந்து கப்பியை அழுத்தியும் பிடிக்கும். அப்புறம் எங்கிருந்து விசை வரும்? இது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட கதை என்பது என் கட்சி.

திருகாணி | ஸ்காபரோ

படத்தில் வரைந்த இயந்திரத்துக்கு நீங்கள் சொல்வது சரி சுவர்க்கோழி. என் பட்டறைக்கு வருவது படத்தில் வரைந்த இயந்திரம் இல்லையே.

அடியில் உள்ள மூடித் தகட்டைக் கழற்றினால் என்ன தெரியும் தெரியுமா? ஐட்லரின் முள் துருப்பிடித்துப் பாதி வழியில் நிற்கும். கேபிள் உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்து, லீவர் மேலே வந்தாலும் கேபிள் கீழேயே இருக்கும். பிரேக் கட்டையின் தோல் தேய்ந்து வெறும் இரும்பு உரசும். யாராவது புதுப் பெல்ட் மாற்றும்போது அளவு தவறிய பெல்ட்டைப் போட்டிருப்பார்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே லீவரை விட்ட பிறகும் பெல்ட் இறுகியபடி நிற்கும். ஈரப்பனி விசிறியைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் எஞ்சின் அணைந்தால், அந்த இழுவிசை பெல்ட்டிலேயே தங்கிவிடும். நீங்கள் பனியைக் கிண்டி எடுத்ததும் விசிறி நகரும். முழுச் சுற்று வேண்டாம், கால் சுற்றுப் போதும். விசிறித் தகட்டுக்கும் உறைக்கும் நடுவே விரல் அளவு இடம்கூடக் கிடையாது.

சரி, பெல்ட் கதை பொய் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணை சொல்வதுபோல் எல்லோரும் எஞ்சின் ஓடத்தான் கையை விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதானே? புது இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு பிளாஸ்டிக் துடுப்புக் கோலைச் செருகித் தருகிறார்கள். பழைய இயந்திரத்தில் அது முதல் குளிர்காலத்திலேயே காணாமல் போயிருக்கும். துடைப்பக் கட்டையை அரை மீட்டர் நீளத்துக்கு அறுத்துக் கைப்பிடியில் கட்டி வைத்தால் செலவே இல்லை.

செய்யும் முறை இதுதான். இரண்டு லீவரையும் விடுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஓகர் அசைவற்று நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு கோலால் குத்துங்கள். கோலை விசிறி பிடுங்கினால் கோல்தானே போகும், போகட்டும்.

நெறியாளர்

விவாதம் சூடாக இருக்கிறது, நல்லது. வீட்டுக்காரிகளை உள்ளே இழுக்காமல் தொடருங்கள்.

மூக்குத்தி | ஸ்காபரோ

நான் ஸ்னோபுளோவரைத் தொட்டதே இல்லை. எங்கள் அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காலை ஆறு மணிக்கு இடுப்பில் கட்டிய சாரத்தின் மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மப்ளர் தொங்கத் தொங்க இறங்கிவிடுவார். கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே இயந்திரத்தைக் கிளப்பி, "சூடாகட்டும்" என்று தேநீர் குடிக்க வருவார். கதவு திறந்துதானே இருக்கிறது என்பது அவருடைய வாதம். கராஜுக்கு நேர் மேலே பிள்ளைகளின் படுக்கையறை. யாராவது அவருக்குப் புரியும்படி எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

மருதாணி | மிசிசாகா

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் முகர்வது வேறு புகையை, அந்த வாயுவை அல்ல. வீட்டோடு ஒட்டிய கராஜில் அது கதவிடுக்கு வழியாகவும் கூரையின் சிறு துளைகள் வழியாகவும் மேல் அறைக்குப் போகும். கதவு திறந்திருந்தாலும் காற்று உள்நோக்கி வீசினால் வெளியே போகாது. எஞ்சின் நின்ற பிறகும் அறைக்குள் அது தங்கியிருக்கும். தூங்குகிற பிள்ளைக்குத் தலைவலி வந்து எழுந்து சொல்ல வழியில்லை, ஆழ்ந்த தூக்கம்போலவே இருக்கும். இயந்திரத்தை உருட்டி வெளியே கொண்டுவந்து, கராஜ் கதவை மூடிவிட்டு, அதன் பிறகு கிளப்புங்கள். சூடாவதற்குச் சில நிமிடம் போதும், அதை டிரைவ்வேயிலேயே (வீட்டு முன் கார்ப்பாதையிலேயே) செய்யலாம்.

அக்கா, ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டமே இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது காலாவதி ஆகிவிட்டதா என்று பின்புறத்தில் தேதியைப் பாருங்கள். மப்ளரை மடித்துச் சட்டைக்குள் விடச் சொல்லுங்கள். சாரத்தை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்!

வடலி | மொன்றியல்

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பனியை வாரி எறியும் வண்டியை இங்கே 1925இல் ஆர்தர் சிக்கார்ட் என்ற கியூபெக்காரர் செய்தார். முதலாவதை 1927இல் பக்கத்து ஊட்ரமோன் நகரசபை வாங்கியது. அது லொறியளவு பெரியது. நம் வீட்டில் நிற்பது அதன் பேரப்பிள்ளை.

ஒருவரும் பேசாத ஒன்று, டிரைவ்வேயின் வாசலில் நகரசபையின் பனிதள்ளும் வண்டி கட்டிவிட்டுப் போகும் பனி வரப்பு. உள்ளே விழுந்த பனியும் அதுவும் ஒன்றல்ல. தெருவிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த சேறு, உப்புத் தண்ணீர், பாறைபோன்ற கட்டி, சில சமயம் பக்கத்து வீட்டுக் குப்பைப் பெட்டியின் மூடிகூட அதற்குள் இருக்கும். ஸ்னோபுளோவர் அடைத்துக்கொள்வதும் ஓகரைப் பிடித்து வைக்கும் ஷியர் பின் முறிவதும் பெரும்பாலும் அந்த வாசலில்தான். வேலை முடியப் போகிறது என்ற அவசரமும் அங்கேதான் வரும்.

அதை ஒரேயடியாக விழுங்க விடாதீர்கள். பாதி அகலம் அல்லது மூன்றில் ஒரு பங்கு மட்டும் வாயில் கொடுங்கள். எஞ்சின் முழு வேகத்தில் இருக்கட்டும், சக்கரம் மெதுவாகப் போகட்டும். ஈரப்பனிக்குப் பயந்து எஞ்சின் வேகத்தைக் குறைப்பவர்கள் உண்டு. விசிறி மந்தமானால் பனி குழலின் வாய்வரை எழும்பாமல் அங்கேயே அப்பிவிடும். பெரிய கட்டிகளை ஷவலால் உடைத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். புயல் முழுவதும் ஓயட்டும் என்று காத்திருக்காமல் நடுவில் ஒரு தரம், முடிந்த பின் ஒரு தரம் ஓட்டினால் பாதி அடைப்பு வராது. குழலின் உட்புறத்தில் சிலிகோன் ஸ்பிரே அடிப்பதும் உதவும். அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் ஸ்பிரேயும் வேலை செய்யும், நல்லெண்ணெயை வீணாக்க வேண்டாம். இதையெல்லாம் இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, எங்கே எறிகிறீர்கள் என்பது. தெருவுக்குள் எறிவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். ஒன்ராறியோவில் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

புதுவாசல் | பிரம்டன்

நன்றி வடலி. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நாலடி சந்துதான். பனியை அதற்குள் எறிந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

சுவர்க்கோழி | ஒட்டாவா

எறிவதற்கு முன் அந்தச் சந்தின் சுவரைப் பாருங்கள் தம்பி. இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அவை கனப்படுப்புக்குக் காற்றை உள்ளிழுக்கவும் புகையை வெளியேற்றவும் இருக்கின்றன. எரிவாயு மீட்டரும் அநேகமாக அதே சந்தில்தான் இருக்கும். குழாயைப் பனியால் மூடினால் கனப்படுப்பு நின்றுபோகும், அல்லது புகை வீட்டுக்குள் திரும்பும். பக்கத்து வீட்டுக்காரரின் குழாயாக இருந்தால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மீட்டரின் மேல் பனிக்கட்டி அழுத்தினாலும் ஆபத்துதான். நிறுத்தியிருக்கும் காரின் புகைக்குழாயும் அப்படித்தான். பிள்ளைகளைச் சூட்டுக்காகக் காருக்குள் உட்கார வைத்து எஞ்சினை ஓடவிட்டு, வெளியே பனி வாரி அந்தக் குழாயை மூடினால் என்ன ஆகும் என்று மருதாணி மேலேயே சொல்லிவிட்டார்.

பெல்ட் விஷயத்தில் திருகாணியோடு முழுதாக ஒத்துப்போகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் இயந்திரத்தில் கோல் இருக்கிறது, பயன்படுத்தவும் செய்கிறேன்.

நீலாம்பரி | மார்க்கம்

எங்களுடையது டவுன்ஹவுஸ். பெட்ரோல் வைக்க இடமில்லை, பேட்டரியில் ஓடும் ஒரு கட்ட வகை வைத்திருக்கிறேன். சத்தமில்லாத இயந்திரத்தை எல்லோரும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் ஏமாற்றம். பெட்ரோல் எஞ்சின் ஓடுகிறதா நின்றதா என்று காதே சொல்லும். இதில் லீவரைத் தொட்டால் சத்தமே இல்லாமல் உடனே சுழலும். அடைத்தால் பேட்டரியை உருவித் தனியே வைத்துவிட்டுத்தான் கோலை எடுக்க வேண்டும். வயரில் ஓடுவது வைத்திருப்பவர்கள் வெளிப்புறத்துக்கான வயரையும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிளக்கையும் பயன்படுத்துங்கள், வயர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் கிடக்கட்டும்.

நவம்பரிலேயே டிரைவ்வேயைச் சுற்றிப் பாருங்கள். பையில் சுற்றிப் போடும் இலவசப் பத்திரிகை, கால்மிதி, நாய்ச் சங்கிலி, கிறிஸ்மஸ் விளக்கு வயர், பிள்ளைகளின் ஹாக்கிப் பந்து. பனி மூடிவிட்டால் எதுவும் தெரியாது. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டு இயந்திரம் ஒரு கால்மிதியை விழுங்கிச் சுற்றிக்கொண்டது. அதை வெட்டி எடுக்க ஒரு காலைப்பொழுதே போயிற்று. புல்லின் ஓரத்தில் செம்மஞ்சள் குச்சிகளை மண் உறைவதற்கு முன்பே குத்திவிட்டால் எல்லை தெரியும்.

கொக்குவிலான் | மார்க்கம்

பத்திரிகை விஷயம் உண்மை. நனைந்து உறைந்த பத்திரிகை மரக்கட்டையை விட மோசம். என் இயந்திரத்தில் பின் முறிந்ததெல்லாம் அதனால்தான். ஒருமுறை வீட்டிலிருந்த சாதாரண போல்ட்டைப் போட்டு முடுக்கினேன், பிறகு முறியவே இல்லை. புதுவாசல், உங்களுக்கும் அது சுகம்.

திருகாணி | ஸ்காபரோ

அண்ணை, தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். ஷியர் பின் முறிவதற்காகவே செய்யப்பட்டது. கட்டி ஏதாவது சிக்கினால் சில டொலர் பின் முறிந்து, நூற்றுக்கணக்கான டொலர் பெறுமதியான கியர்ப்பெட்டி தப்பும். கெட்டியான போல்ட் முறியாது, அதற்குப் பதிலாகக் கியர்ப்பெட்டி உடையும். அதை விட மோசம், ஓகர் ஒன்றில் மாட்டிக்கொண்டால் விடாமல் இழுக்கும். மாட்டுவது கால்மிதியாக இருந்தால் பரவாயில்லை, காற்சட்டை நுனியாக இருந்தால்?

காற்சட்டை என்றதும் நினைவு வருகிறது. பின்னோக்கி எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முன்னால் போகும்போது இயந்திரம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகிறது. பின்னால் எடுக்கும்போது உங்கள் மேல் வருகிறது. கராஜ் கதவுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நெஞ்சு நசுங்கும் அளவுக்கு அது தள்ளும். பின்னால் திரும்பிப் பாருங்கள், ஓகரை நிறுத்திவிட்டு எடுங்கள், மிகக் குறைந்த வேகத்தில் எடுங்கள். சரிவான டிரைவ்வே என்றால் மேலும் கீழுமாகப் போங்கள், குறுக்கே போகாதீர்கள். தெருவில் ஆள் வந்தால், நாய் வந்தால், லீவரை விட்டு நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு சிறு கல் போதும், குழலிலிருந்து பறந்து கண்ணில் அடிக்க. பாதுகாப்புக் கண்ணாடியும் காதுமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோல் ஊற்றுவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வெளியில் வைத்து. ஓடி முடித்த சூட்டில் ஊற்றினால் சைலன்சரில் ஒரு துளி விழுந்தாலே பற்றும். கலனைக் கராஜில் சுடுநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் சுடர் எரிகிறது.

மூக்குத்தி | ஸ்காபரோ

அப்பா வாசித்தார். "கதவு திறந்திருந்தால் காற்று உள்ளே வரும்தானே, வாயு ஏன் போகாது" என்று இன்னமும் தர்க்கம். ஆனால் எச்சரிக்கைக் கருவியின் பின்புறத் தேதியைப் பார்க்கச் சொன்னதும் எழுந்து போய்ப் பார்த்தார். காலாவதியாகி வெகுகாலம். இன்று மாலை வாங்கப் போகிறோம்.

புதுவாசலின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? பதினைந்து வயது மகன்?

மருதாணி | மிசிசாகா

சிறுவர்களிடம் கொடுக்கவே கூடாது என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. பதினைந்து வயதுப் பையனுக்குப் பலம் போதும். அடைத்துக்கொண்டதும் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, கோலைத் தேடும் பொறுமைதான் போதாது. அந்தப் பொறுமை ஐம்பது வயதில்கூடச் சிலருக்கு வருவதில்லை என்பதை இந்த இழையிலேயே பார்க்கிறோம். இப்போதைக்கு அவன் ஷவலோடு படிக்கட்டைச் சுத்தம் செய்யட்டும். நீங்கள் ஓட்டும்போது அவன் எறிகுழலின் பக்கம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் குவிந்த பனியில் சின்னப் பிள்ளைகள் குகை தோண்டி உள்ளே இருப்பார்கள், அதற்கும் ஒரு கண் வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்னோபுளோவர் இருந்தால் இதயத்துக்கு வேலை இல்லை என்பது பாதி உண்மை. வரப்பில் சிக்கிய இயந்திரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பவர்களுக்குக் கடுங்குளிரில் நெஞ்சுவலி வருகிறது. சிக்கினால் நிறுத்திவிட்டு ஷவலை எடுங்கள்.

புதுவாசல் | பிரம்டன்

பட்டியை வெட்டிவிட்டேன். திருகாணி சார் சொன்னது அப்படியே சரி, இடது லீவர் வலதைப் பிடித்து வைக்கவில்லை. மாடல் எண்ணைப் போட்டுக் கையேட்டையும் எடுத்துவிட்டேன். டிரைவ்வேயில் வைத்துக் கிளப்பினேன். வலது லீவரை அழுத்தினேன், ஓகர் சுற்றியது. விட்டேன். நிற்கும் என்று பார்த்தால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது இயல்பா? உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, எட்ட நின்றுதான் பார்த்தேன். ஷியர் பின் துளை ஒன்றில் துருப்பிடித்த சாதாரண ஆணியும் இருக்கிறது.

திருகாணி | ஸ்காபரோ

இயல்பில்லை. லீவரை விட்ட ஐந்து விநாடிக்குள் முற்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓட்டவே கூடாது. கேபிள் இறுகிப்போயிருக்கலாம், பிரேக் தேய்ந்திருக்கலாம், அல்லது மேலே சொன்ன அந்த அளவு தவறிய பெல்ட். இந்தச் சோதனையைப் புது இயந்திரம் வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு நவம்பரிலும் செய்யுங்கள்.

சுவர்க்கோழி, பெல்ட் கதைக்கு உதாரணம் தானாகவே வந்துவிட்டது பாருங்கள்.

சுவர்க்கோழி | ஒட்டாவா

பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது சுற்றுவதும், நின்ற பிறகு அடிப்பதும் ஒன்றில்லை என்று வாதாடலாம். ஆனால் பெல்ட் தளரவில்லை என்பது அங்கே தெரிகிறது. இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நியாயம்.

கொக்குவிலான் | மார்க்கம்

என்னுடையதையும் சோதித்தேன். உடனே நிற்கிறது. அந்தக் காலத்து இரும்பு! போல்ட்டைக் கழற்றிவிட்டுப் போட ஒரு சரியான பின் எங்கே வாங்கலாம், கடையில் பத்து வகை தொங்குகிறது.

திருகாணி | ஸ்காபரோ

கையேட்டின் பின்பக்கத்தில் பாக எண் இருக்கும் அண்ணை, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். தடிப்பு ஒன்றுபோல் இருந்தாலும் இரும்பின் வலு வேறாக இருக்கும், கண்ணளவில் எடுக்காதீர்கள். இரு புறமும் போடத் தேவையானதற்கு மேல் இன்னொரு சோடியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது சாவியும் பிளக் வயரும் கழன்றிருக்கட்டும்.

புதுவாசல், உங்கள் இயந்திரத்தை அவிழ்க்க நீங்கள் முயல வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வண்டியில் ஏற்றும் முன் பெற்றோலை வடித்துவிடுங்கள், மூடியை இறுக்குங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தால் எண்ணெய் கார்பரேட்டருக்குள் போய்விடும், அதனால் நிமிர்த்தியே கட்டுங்கள். கூடவே அந்த வெட்டிய பட்டியையும் கொண்டுவாருங்கள், எங்கே கட்டியிருந்தது என்று பார்த்தால் எந்த இணைப்புத் தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

புதுவாசல் | பிரம்டன்

பட்டி குப்பைக்குப் போய்விட்டது சார், ஆனால் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்தேன். அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை வரலாமா?

திருகாணி | ஸ்காபரோ

பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் பனி விழுந்தால் ஷவல்தான்.